வாங்குற கல்லு, விக்கிற கல்லு

பெட்டியின் கைப்பிடியில் கொக்கி மாட்டித் தூக்கினால் எடை காட்டுகிற குட்டி மெஷின் ஒன்று இப்போது எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கிறது. போன மாதம் என் மகன் வெளியூர்க் கல்லூரிக்குக் கிளம்பும்போது அதை வைத்து ஒரே பெட்டியை நாலு தடவை தூக்கிப் பார்த்தான். நாலு தடவையும் ஒரே எண்தான் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கும்மா சிரிக்கிறே?" என்றான். ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற என் செட்டுக்காரர்களே, அவனுக்குச் சொன்னால் புரியாது, உங்களுக்குப் புரியும். தராசைப் பார்க்காமல், தராசு பிடிக்கிறவர் முகத்தைப் பார்த்து எடை தெரிந்துகொண்டவர்கள் நாம். அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஊருக்கு இன்னும் மெட்ராஸ் என்றுதான் பெயர். எனக்குப் பன்னிரண்டு வயது. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி போர்ஷனில் அப்பா, அம்மா, நான். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் கனடாவைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

அப்பா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர். இரும்புச் சாமான்களை அளந்து பார்த்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அனுப்புகிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. காலண்டர் கோணலாகத் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. பால்காரர் அளவு, காஸ் சிலிண்டர் எடை, என் நோட்டுப் புத்தகத்து மார்ஜின், எல்லாவற்றின் மேலும் சந்தேகம். சந்தேகப்பட்டதில் பாதி சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அம்மா பிளவுஸ் தைத்தாள். தெரு ஜன்னலை ஒட்டி அவளுடைய மிஷின். கறுப்பு உடம்பில் தங்கக் கலர்ப் பூ வேலை, காலால் மிதிக்கிற இரும்பு ஸ்டாண்டு. மாட வீதிகளில் பாதிப் பேருடைய தோள் அளவும் கை அளவும் ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கின. பழைய பேப்பரில் வெட்டிய மாதிரிகள்தான். ஒவ்வொன்றிலும் நீலப் பென்சிலால் 'பாங்க் அம்மா', 'வீணை டீச்சர்', 'கீழ் வீட்டு மருமகள்' என்று எழுதியிருக்கும். கல்யாண மாதங்களில் எங்கள் மாடிப்படி முழுக்கச் செருப்பாகக் கிடக்கும். அப்போதும் யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால் அப்பாவின் பதில் ஒன்றுதான். "வீட்ல சும்மாதான் இருக்கா. பொழுது போகாம ஏதோ தைப்பா." அம்மா வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

மாதிரி வெட்டப் பேப்பர் வேண்டுமே, அதற்காக அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தெருக்கோடிப் பழைய பேப்பர் கடைக்குப் போவாள். மடிப்புக் கலையாத ஆங்கிலப் பேப்பராகப் பொறுக்கி அஞ்சு கிலோ வாங்குவாள். வெட்டியது போக மிஞ்சியதை, வீட்டுப் பேப்பரோடு சேர்த்து மாதா மாதம் அதே கடையில் எடைக்குப் போடுவாள். ஒரு தடவை வாங்கிவந்த கட்டைப் பிரிக்கவே நேரம் வாய்க்கவில்லை. கயிறுகூட அவிழ்க்காமல் அப்படியே திருப்பிப் போட்டோம். அஞ்சு கிலோவாக வந்த கட்டு நாலு கிலோ சொச்சமாகத் திரும்பிப் போயிற்று.

"ஏன் அங்கிள், எங்க வீட்ல இருந்தா பேப்பர் இளைச்சிடுமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். "அடேங்கப்பா, இன்னா கேள்வி கேக்குது பாரு பாப்பா! இங்க வா. இந்தாண்ட சுண்ணாம்புக் கோடு போட்டுக்கீதே, இது வாங்குற கல்லு. அந்தாண்ட கோடு இல்லாம கீதே, அது விக்கிற கல்லு. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சுன்னு வெச்சுக்கோ, அப்பால நான் இன்னாத்த துன்றது?"

இரண்டு வகையிலும் ஏழெட்டுக் கல், எல்லாம் தேங்காய் அளவுக் கருங்கல். இரண்டுக்கும் அவர் வைத்த பெயர் அஞ்சு கிலோ. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிற பெரிய தராசில், பேப்பர் வாங்கும்போது கோடு போட்ட கல் ஏறும், விற்கும்போது கோடு போடாத கல் ஏறும். வீடு வரும்வரை அம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மனசுக்குள் கணக்குப் போடும்போது அவளுக்கு அப்படித்தான் அசையும்.

அப்பாவுக்கும் இது தெரியாமல் இல்லை. ஒரு தடவை அந்தக் கடையில் அஞ்சு கிலோ என்று சொன்ன கட்டைப் போடாமல் திருப்பி வாங்கி, தொழிற்சாலைக்கே கொண்டுபோய் முத்திரை குத்திய தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கத்தினார். "அஞ்சுன்னு அவன் சொல்றது அஞ்சே முக்கா! திருட்டுத் தராசு!" அதற்கப்புறம் மாதா மாதம் பேப்பர் போடுகிற ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாட்டு தவறாது. ஆனால் அப்பா பாடியதெல்லாம் கடைக்காரரைத் திட்டுவதற்காகத்தான். தராசைப் பற்றிய தகவலாக அதை அவர் ஒருநாளும் மனசில் வாங்கிக்கொள்ளவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது.

சரி, கனடாவுக்கு வருகிறேன். அப்பாவோடு படித்த நண்பர் ஒருவர் டொரொன்டோவிலிருந்து எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் அதுதான் அப்போது வேதம். பிரஷர் குக்கர் கொண்டு வா. மின்சாரச் சாமான் எதுவும் கொண்டு வராதே, இங்கே வோல்டேஜ் வேறு. சொத்தைப் பல் இருந்தால் அங்கேயே அடைத்துக்கொண்டு வா, இங்கே பல் வைத்தியத்துக்குச் சொத்தை விற்க வேண்டும். இன்ஜினியர் வேலை மூன்றாம் மாதம் கிடைத்துவிடும். தையல் மிஷின் வேண்டவே வேண்டாம், இங்கே யாரும் தைத்துப் போட்டுக்கொள்வதில்லை, கிழிந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதையெல்லாம் எழுதியபோது அந்த மனிதர் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குக் கனடா வந்த பிறகுதான் தெரிந்தது. பாவம், அதை எழுத அவருக்குக் கை வரவில்லை.

கடிதத்தின் பேரில் மூன்று பேரும் பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து உட்கார்ந்தோம். சொத்தையே இல்லாத என் பல்லையும் அப்பா இரண்டு தடவை பார்க்கச் சொன்னார். பிறகு தி.நகரில் பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் தேடினோம். அக்னி நட்சத்திரம். தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. அந்த வெயிலில் கடைக்காரர் எனக்குக் கழுத்து வரை மூடுகிற கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு, "கரெக்டா இருக்கு பாப்பாவுக்கு" என்றார். கண்ணாடியில் வேர்த்து வடிகிற என் முகம் தெரிந்தது. அப்பா ஸ்கேலை எடுத்துக் கை நீளத்தை அளந்தார். "வளர்ற பொண்ணு, ரெண்டு இஞ்ச் கூட எடுங்க." அம்மா துணியைத் திருப்பி உள் தையலைப் பார்த்துவிட்டு, "பிரிஞ்சு போகும். நான் ஒரு ஓட்டு ஓட்டித் தரேன்" என்றாள். கிளம்புகிற அவசரத்தில் அது விட்டுப்போயிற்று, அவள் சொன்ன மாதிரியே முதல் பனிக்குத் தோளில் பிரிந்துவிட்டது.

அப்போதுதான் என் அத்தை நுழைந்தாள். அப்பாவின் அக்கா, அடையாற்றில் சொந்த வீடு, பள்ளிக்கூடத்தில் பிரின்சிபாலாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டிலும் காலைக் கூட்டத்தில் பேசுகிற குரல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு லிஸ்ட், நாங்கள் கனடாவுக்குக் கொண்டுபோக வேண்டியவை. குத்துவிளக்கு, வெள்ளிக் கும்பா, சாமி படங்கள், பித்தளை இட்லிப் பானை, அம்மாவின் பட்டுப் புடவைகள் ஏழு.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, ஸ்டாண்டு வேணாம். மிஷின் தலையை மட்டும் எடுத்துக்கறேன். பதிமூணு கிலோதான்."

"மிஷினா? ஏம்மா, கனடா போயும் ஜாக்கெட் தைக்கப் போறியா? கேக்கறவங்க என்ன நினைப்பாங்க? என் தம்பி அங்க இன்ஜினியரா இருக்கப் போறான். நீ பட்டுப் புடவை கட்டிக்கிட்டு நாலு பேருக்கு நடுவுல நிக்கணும்."

"நின்னுக்கிட்டே இருக்க முடியுமா அண்ணி? நடுவுல கொஞ்சம் உக்காரவும் வேணும்ல?"

அத்தைக்கு இந்த மாதிரிப் பதில் பழக்கமில்லை. தம்பியைப் பார்த்தாள். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஆள் ஒன்றுக்கு இரண்டு பெட்டி, மொத்தம் ஆறு, பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ. ஒரு தாளில் கட்டம் போட்டுத் தீர்ப்பு எழுதினார். "அக்கா லிஸ்ட்ல இருக்கறது எல்லாம் முதல்ல. அதுக்கப்புறம் எடை மிஞ்சினா உன் மிஷினை வெச்சுக்கோ. அரை கிலோ கூடினாலும் மிஷின்தான் இறங்கும். சொல்லிட்டேன்."

அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மிஷின் வரலேன்னா நானும் வரலே. நீங்களும் உங்க பொண்ணும் போயிட்டு வாங்க." அப்பா, "சும்மா உளறாதே" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டார். பெரியவர்கள் சொல்கிற வார்த்தையில் எது கோபம், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கிற வயசு எனக்கில்லை. அம்மா இல்லாமல் அந்த இரண்டு இஞ்ச் நீளமான ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நான் பனியில் நிற்பது போலக் கற்பனை செய்து, தலையணையில் முகம் வைத்து அழுதேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல், அந்தக் கறுப்பு மிஷின் பெட்டிக்குள் போக வேண்டும்.

வீடு ஒவ்வொரு சாமானாகக் காலியாயிற்று. கட்டில் ஒரு வீட்டுக்கு, டிவி ஒரு வீட்டுக்கு. என் சைக்கிள் சாந்தோமில் என்னோடு படித்தவளுக்கு. அவள் என் கண் எதிரிலேயே மணியைக் கழற்றிவிட்டு வேறு மணி மாட்டினாள், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. சாமான் இல்லாத கூடத்தில் நாங்கள் பேசினால் சுவர் திருப்பிப் பேசியது.

அம்மாவின் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மா ஆணியிலிருந்து அவரவர் மாதிரியை எடுத்துச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தாள். "இதை எந்த டெய்லர்கிட்டக் குடுத்தாலும் தைப்பான். வலது தோள் கால் இஞ்ச் இறக்கம்னு எழுதியிருக்கேன், அதை மட்டும் மறக்காம சொல்லுங்க." வீணை டீச்சருக்குத்தான் வலது தோள் இறக்கம். அவர் அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, "என் தோள் எறங்கியிருக்குன்னு இருபது வருஷமா உனக்கு மட்டுந்தாம்மா தெரியும். கண்ணாடியில எனக்கே தெரியாத மாதிரி தைச்சுட்டேயே" என்று கண் கலங்கினார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். பெட்டிக் கயிற்றின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஆறு பெட்டியும் நிரம்பிவிட்டன. அஞ்சில் துணி, கம்பளி, போர்வை. அவை இடத்தை அடைத்தனவே தவிரக் கனமில்லை. கனமெல்லாம் ஆறாவது பெட்டியில். அடியில் மிஷின் தலை, அதைச் சுற்றி மூன்று போர்வை, மேலே இட்லிப் பானை, குத்துவிளக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் துணிப் பையில் பட்டுப் புடவைகள். இனி எடை பார்க்க வேண்டும்.

"ஃபேக்டரி தராசுல போட்டுடலாமே" என்று நான் சொன்னேன். அப்பாவுக்கு அது இஷ்டமில்லை. போன வாரம்தான் ஃபேக்டரியில் மாலை போட்டு, போட்டோ எடுத்து வழியனுப்பியிருந்தார்கள். "மாலை காயறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டுப் போய் நிக்கறதா?"

அம்மா முந்தானையில் கை துடைத்தபடி, ரொம்பச் சாதாரணமாக, "பேப்பர் கடைல பெரிய தராசு இருக்கே. ரெண்டு எட்டு" என்றாள்.

அப்பா, "அட, ஆமா!" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

கடைக்காரரே தன் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டார். "இன்னா சார், ஊரை வுட்டே கெளம்பிக்கினியாமே? இனிமே என்னை யாரு சார் திட்டுவாங்க?" என்றார். அப்பா பெருந்தன்மையாகச் சிரித்தார். வெளிநாடு போகிறவருக்கு எல்லாரையும் மன்னிக்கிற மனசு வந்துவிடுகிறது.

கடையில் முதல் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கடைக்காரர் தயங்கினார். தலையைச் சொறிந்தார். கை கோடு போடாத கல் பக்கம் போனது. "சார், பிளேன் சமாச்சாரம். கரெக்டா வோணும்னா எதிர்க்க அரிசி மண்டில போட்டுக்கினு போயேன். நம்ம கடை பேப்பர் கடை சார், இன்னா இருந்தாலும்..."

அந்த மனிதர் எங்கள் விஷயத்தில் அன்றைக்கு ஒருநாள் நேர்மையாக இருக்க முயன்றார். அம்மா விடவில்லை.

"மண்டில இப்ப கூட்டமா இருக்கும். நீங்களே போடுங்க. எங்க வீட்டுப் பேப்பருக்கு எப்பவும் எந்தக் கல்லு வைப்பீங்களோ, அதையே வைங்க."

கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கண் சிமிட்டாமல் அவரைப் பார்த்தாள். வெற்றிலை மென்ற வாய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "சரிம்மா. நீ சொல்லிக்கினா சரி" என்றது. கோடு போட்ட கல்லை எடுத்து வைத்தார்.

"அப்பா, அது வாங்குற..." என்று ஆரம்பித்தேன். என் முழங்கைக்கு மேலே சுருக்கென்று ஒரு கிள்ளு. அம்மாவின் விரல், தையல்காரி விரல், எங்கே கிள்ளினால் சத்தம் வராது என்று அதற்குத் தெரியும்.

"என்னடி?" என்றார் அப்பா.

எனக்குள் அப்போதுதான் ஓடியது. இப்போது நான் வாயைத் திறந்தால் மிஷின் இறங்கும். மிஷின் இறங்கினால் அம்மா வரமாட்டாள். "வாங்குற பெட்டி நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்று உளறினேன்.

அஞ்சு பெட்டியும் சுலபமாகத் தேறின. ஆறாவது பெட்டிக்குக் கோடு போட்ட ஆறு கல், அதன்மேல் கோடு போட்ட சின்ன இரண்டு கிலோக் கல். தராசு முள் ஆடி ஆடி, நேராக நின்றது. முப்பத்திரண்டு. அப்பா ஸ்கேலை எடுத்து முள் நேராக நிற்கிறதா என்று வேறு சரிபார்த்தார். நூறில் ஒரு பங்கு பிசகினால் கண்டுபிடிக்கிறவர். "பிரமாதம்! அரை கிலோ கூட கூடலை. உன் அதிர்ஷ்டம், மிஷின் வரட்டும்" என்றார். கடைக்காரர் திரும்பி நின்றுகொண்டு எதையோ துப்பினார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பெட்டிகளுக்குக் காடாத் துணியில் உறை தைப்பது அந்தக் காலத்து வழக்கம், ஞாபகம் இருக்கிறதா? அஞ்சு உறைகளை அம்மா மிஷினிலேயே முன்னாடியே தைத்து முடித்திருந்தாள். ஆறாவது உறை தைக்கும்போது மிஷின் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதனால் கையால் தைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பொட்டுப் பொட்டாக நெருக்கித் தைக்கிற அம்மா, அன்றைக்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு தையல், தளர்த்தித் தளர்த்தி ஓட்டினாள். "ஏம்மா இப்படிப் போடறே, பிரிஞ்சிடாதா?" என்றேன். "அவசரத்துக்கு இது போதும்" என்றாள்.

மதியம் கிளம்புகிற விமானம். மீனம்பாக்கத்தில் வெயில் கொளுத்தியது. அப்பா கல்யாணக் கோட்டுப் போட்டிருந்தார், வேர்வை காலர் வழியாக இறங்கியது. அத்தை உள்ளே வர டிக்கெட் வாங்கிக்கொண்டு, கவுண்டருக்குப் பக்கத்துக் கயிறு வரை வந்து நின்றாள். அஞ்சு பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஆறாவதை வைத்தார்கள். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. முப்பத்தாறு புள்ளி எட்டு.

"சார், நாலே முக்காலுக்கு மேல அதிகம். எதையாவது எடுத்துடுங்க" என்றார் கவுண்டர்க்காரர்.

"சான்ஸே இல்லை. நான் எடை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"எங்க சார் போட்டீங்க?"

கோட்டுப் போட்டுக்கொண்டு, கனடா விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய பேப்பர் கடையில் என்று ஒரு தரக் கட்டுப்பாட்டு இன்ஜினியர் எப்படிச் சொல்வார்? பின்னால் வரிசையில் யாரோ 'த்ச்சு' கொட்டினார்கள்.

"சீக்கிரம் சார். பின்னாடி இருபது பேர் நிக்கறாங்க."

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன். மிஷினை எடு."

அம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள் என்றே நினைத்தேன். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா அவசரப்படவில்லை. "அது அடியில இருக்குங்க. இட்லிப் பானை, விளக்கு, போர்வை எல்லாம் இங்க தரையில பரப்பினாத்தான் வரும். அரை மணி ஆகும். மேல ஒரு மஞ்சப் பை இருக்கு, அதை எடுத்தா சரியாப் போயிடும்."

சொல்லிக்கொண்டே குனிந்து, உறை ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பு. அந்தத் தளர்ந்த தையல் முழுக்கச் சரசரவென்று ஓடி வந்து, உறை வாயைத் திறந்தது. பூட்டைத் திறந்து மஞ்சள் பையை எடுத்தாள். கவுண்டர்க்காரர் எண்ணைப் பார்த்தார். முப்பத்திரண்டு புள்ளி ஒன்று. "போகட்டும்" என்று சீட்டைக் கட்டினார். அம்மா ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, நின்ற நிலையிலேயே உறையை மூடித் தைத்துவிட்டாள். இந்தத் தடவை நெருக்கமான தையல்.

பிறகு மஞ்சள் பையைக் கயிற்றுக்கு மேலே நீட்டினாள்.

"என்னம்மா இது?" என்றாள் அத்தை.

"பட்டுப் புடவைங்க அண்ணி. ஏழும் இருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க கட்டிக்கிட்டு நாலு பேருக்கு நடுவுல நில்லுங்க."

அதில் அவளுடைய கல்யாணப் புடவையும் இருந்தது. அத்தை பையை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, "உடம்பைப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அத்தையின் மேல் அந்த ஒரு நொடி பாசம் வந்தது.

விமானம் மேலே ஏறியபின் அப்பா போர்டிங் கார்டின் பின்பக்கம் பேனாவால் ஏதோ வகுத்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டை முப்பத்திரண்டால். விடை ஒன்று புள்ளி ஒன்று ஐந்து. அதன் கீழே இன்னொரு வகுத்தல், அஞ்சே முக்காலை அஞ்சால். அதே விடை. பேனாவை மூடினார்.

"அஞ்சே முக்கா" என்றார், மெதுவாக.

"என்னங்க?" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

"ஒண்ணுமில்லை."

சாப்பாடு வந்தபோது தன் தட்டிலிருந்த கேக்கை எடுத்து அம்மா தட்டில் வைத்தார்.

மூன்றாம் மாதம் வேலை வரவில்லை. முப்பதாம் மாதம்தான் வந்தது. போகிற இடமெல்லாம் அப்பாவிடம், இந்த நாட்டில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த இரண்டரை வருஷமும் டொரொன்டோவை ஒட்டிய ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கறுப்பு மிஷின்தான். யாரும் தைத்துப் போடுவதில்லை என்று நண்பர் எழுதிய ஊரில், யாழ்ப்பாணத்துப் பெண்கள் படியிறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். "அக்கா, உங்களிட்டத் தைச்சால்தான் சட்டை சரியா வருது" என்பார்கள். எங்கள் படிக்கட்டில் மறுபடியும் செருப்பு, குளிர்காலத்தில் பனி ஒட்டிய பூட்ஸ். ஸ்டாண்டு இல்லாத மிஷினுக்கு அப்பா, யாரோ தெருவில் போட்ட கதவை மேசையாக்கி, பழைய மோட்டார் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். இந்த நாட்டில் அவர் செய்த முதல் இன்ஜினியர் வேலை அதுதான். அதற்கப்புறம் யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டால் அவர் 'சும்மா இருக்கா' என்று சொன்னதில்லை. நான் காது கொடுத்துக் கவனித்துக்கொண்டே இருந்தேன், ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. மிஷின் இன்னும் ஓடுகிறது. என் மகனின் பெட்டியை எடை பார்த்த அன்றைக்கு அவளிடம் போய் உட்கார்ந்து, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா, மிஷின் வரலேன்னா நானும் வரலேன்னியே, நிஜமாவே வந்திருக்க மாட்டியா?"

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். "போடி. உன்னை விட்டுட்டு எங்க இருப்பேன்? வந்திருப்பேன். ஆனா ரெண்டு கையையும் மீனம்பாக்கத்துல விட்டுட்டு வந்திருப்பேன்."

"மஞ்சப் பை சரியா இருக்கும்னு எப்படித் தெரியும்?"

"அஞ்சுக்கு முக்கா, ஆறு அஞ்சுக்கு நாலரை, மேல ரெண்டுக்கு ஒரு கால். மளிகைக் கடைல அரிசி வாங்கறப்ப பையையும் தட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டேன்."

"அப்பா பிடிவாதமா நின்னிருந்தா? பயமா இல்லே?"

"எதுக்குப் பயம்? அந்த வீட்ல என் வேலையை எல்லாரும் வாங்குற கல்லு வெச்சுத்தானே எடை போட்டாங்க. எத்தனை வருஷம். ஒரே ஒரு நாள்தான் அந்தக் கல்லு எனக்கு உழைச்சுது."

சொல்லிவிட்டுக் குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டு, மோட்டாரைப் போட்டாள்.